சுவருக்குள் இருக்கிறவர்கள்

அம்மா குழிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள்.

மேலே கான்கிரீட் கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஜல்லி உருளும் சத்தத்தில் யார் பேசினாலும் பாதிதான் காதில் விழுந்தது. இடுப்பளவு ஆழம், நீளமான குழி. அடியில் கல்லும் வண்டலுமாகக் கொட்டி நிரவியிருந்தார்கள். அதன் மேல், சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தையில் கீரைக்கட்டு பரப்பி உட்காருகிறவள் மாதிரி அம்மா சம்மணம் போட்டிருந்தாள். சேலைக்கு மேலே பச்சை நிறத்தில் ஒரு டீ-சர்ட். அதில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கடல் அலை மேல் பலகையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, உங்கம்மாவ மேல வரச் சொல்லுங்க. கலவை இறுகிப் போயிருமுங்க."

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்தக் குழி ஒரு சுவருக்கான அஸ்திவாரம். அதில் கொட்டிக் கிடந்த கற்கள் எங்கள் முன்னோர்கள். இதை ஒரு வரியில் சொன்னால் யாருக்கும் விளங்காது, கோபத்தில் சொன்னால் இன்னும் விளங்காது. ஆனால் எனக்குக் கோபம் தணியவில்லை. தணிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் பத்திரிகையில் என்னுடைய இந்த வாரப் பக்கம் காலியாகத்தான் வரும்.

சகோதரருக்கு ஒரு பதில்

சில வருசங்களுக்கு முன்னால் நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்த காலையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஆற்றுப் புறம்போக்கில் குடிசையைப் போட்டுக்கொண்டு, பிறகு ஆறு வந்துவிட்டது என்று அழுவது நியாயமா, சகோதரி?"

சகோதரி என்று போட்டிருக்கிறார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. எங்கள் கொங்கு நாட்டில் மரியாதைக்கு என்றைக்குமே குறைச்சல் இருந்ததில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதுகூட "போங்க" என்றுதான் சொல்வார்கள்.

சரி, சகோதரரே. நாங்கள் இருளர்கள். மேற்கே மலையடிவாரத்தில் இருந்த என் தாத்தனையும் அவன் பங்காளிகளையும் மங்கலம் பக்கம் கூட்டிவந்தவர்கள் இங்கிருந்த காட்டுக்காரர்களேதான், நிலம் வைத்திருந்தவர்கள். பருத்திக் காட்டுக்குக் காவல் வேண்டும், எலி பிடிக்க ஆள் வேண்டும். "எங்கே குடியிருக்கட்டுங்க?" என்று கேட்டதற்கு "ஆத்தோரமா இருந்துக்குங்க" என்றார்கள். ஊருக்குள் ஒரு சாண் இடம் தராதவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஆற்றோரத்தில் ஏன் இருந்தாய் என்று கேட்கிறார்கள்.

தாத்தா பாம்பும் பிடிப்பார். காட்டுக்காரர் வீட்டில் பாம்பு புகுந்தால் ஆள் ஓடி வரும். வாசலில் பாம்பு என்றால் வாசல் வரைக்கும் அனுமதி. பாம்பு சமையல்கட்டுக்குள் போய்விட்டால் தாத்தாவுக்கும் சமையல்கட்டு வரைக்கும் அனுமதி. பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்ததும், பின்னாலேயே தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிடுவார்கள். பாம்பு வந்த தடத்தையா, இவர் வந்த தடத்தையா என்று தாத்தா சிரித்துக்கொண்டே கேட்பாராம். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

பருத்தி போய் பனியன் வந்தது. காடெல்லாம் கம்பெனியாயிற்று. எங்கள் குடியிருப்பை நாங்கள் பதி என்போம். பதிக்கு நேர் எதிரே, ஆற்றின் அக்கரையில், தாழ்வான ஒரு வயல் இருந்தது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தண்ணீர் அந்த வயலில் பரவி நின்று, இரண்டொரு நாளில் வடிந்துவிடும். எங்கள் பக்கம் வாசல் நனைவதோடு சரி. அந்த வயலை மண் கொட்டி மேடாக்கி ஒருவர் பனியன் கம்பெனி கட்டினார். கம்பெனிக்குள் தண்ணீர் வரக்கூடாது என்று ஆற்றுக்குள் தள்ளி ஒரு சுவரும் கட்டினார். ஆறு எங்கே போகும்? எங்கள் பக்கம் வந்தது.

எங்கள் குடிசைகள் இருப்பதும் புறம்போக்கு, அவர் சுவர் நிற்பதும் புறம்போக்கு. எங்களுடையதற்குத் தாலுகா ஆபீசில் ஆக்கிரமிப்பு என்று பெயர். அவருடையதற்குத் தடுப்புச் சுவர் என்று பெயர்.

அந்தக் கம்பெனியில்தான் நான் செக்கிங் மேசையில் வேலை பார்த்தேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. அந்தச் சுவரைக் கட்டியவரைக் கம்பெனியில் முதலாளி என்போம். பதியில் பெரியவர்கள் சாமி என்பார்கள்.

ரங்கன்

வெள்ளத்தில் எங்கள் பதியில் செத்தது ஒரே ஆள். "ஒரே ஆள்தானே" என்று ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த ஒரே ஆள் என் அண்ணன்.

ரங்கன் டெம்போ ஓட்டினான். துணி ரோலை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்குமாகப் போய் வருவான். பதியில் யாருக்கும் பிரசவ வலி என்றாலும் அந்த டெம்போதான். வெள்ளம் வந்த காலையில் பிள்ளைகளையும் வயசானவர்களையும் மேட்டு ரோட்டுக்கு ஏற்றிவிட்டவன் அவன்தான். பிறகு ஆடுகளை அவிழ்த்துவிடப் போனான். கட்டின ஆடு கட்டின இடத்திலேயே சாகக் கூடாது என்பான். ஆடுகள் நீந்திக் கரையேறின. அவனைக் கீழே தடுப்பணைக்குப் பக்கத்தில், சீமைக் கருவேல முள்ளில் மாட்டிக் கிடந்தபோதுதான் பார்த்தோம்.

மேட்டில் அடக்கம் செய்தோம். அவனைப் பற்றி இன்னும் எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

அலையில் நிற்கிற பையன்

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதலாளி எங்களைக் கைவிடவில்லை. தன் துணி குடோனைத் திறந்து பதியையே அங்கே தங்கவைத்தார். மூன்று வேளையும் சோறு போட்டார். பெண்பிள்ளைகள் குளிக்க ஒரு மூலையில் தார்ப்பாய் கட்டச் சொன்னார். ஊரில் அவர் பெயர் ஓஹோ என்று போயிற்று.

மாற்று உடை இல்லாமல் நனைந்து நின்ற எங்களுக்கு எக்ஸ்போர்ட்டில் கழித்த டீ-சர்ட்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். எல்லாம் பச்சை, எல்லாவற்றிலும் அலை மேல் நிற்கிற அதே பையன். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'அலையோடு விளையாடு' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. பிரின்ட் கொஞ்சம் விலகிப்போனதால் அந்தச் சரக்கைக் கழித்தவளே நான்தான். தண்ணீரில் பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா, தண்ணீரில் விளையாடுகிற பையனை நெஞ்சில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்கு அது வெறும் காய்ந்த துணி. எனக்குத்தான் படிக்கத் தெரிந்து தொலைத்தது.

கல்வீடு

எங்களில் ஒருவர் செத்தால், அடக்கம் முடிந்த பிறகு ஆற்றில் இறங்கி ஒரு கல்லை எடுப்போம். உள்ளங்கைக்குள் அடங்குகிற, தண்ணீர் உருட்டி உருட்டி வழவழப்பாக்கிய கல். அதைக் கழுவி, விளக்கெண்ணெய் தடவி, பதியின் ஓரத்தில் இருக்கிற சின்னக் கல்வீட்டில் மற்றக் கற்களோடு வைப்போம். மலையில் இருக்கிற எங்கள் சனம் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள், வேறு மாதிரியும் செய்வார்கள். ஆற்றோரம் வந்த நாங்கள் கல்வீடு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வருசத்துக்கு ஒரு நாள் எல்லாக் கற்களுக்கும் எண்ணெய் தேய்த்துச் சோறு படைப்போம்.

கல்லில் பெயர் கிடையாது. எந்தக் கல் தாத்தா, எந்தக் கல் பிறந்த அன்றே போன என் தங்கச்சி என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எல்லாருக்கும் எண்ணெய், எல்லாருக்கும் சோறு. கல் வைக்கும்வரை செத்தவர் வெளியே நிற்கிறார் என்று அர்த்தம். ரங்கன் வெளியே நின்றான்.

வெள்ளத்தில் கல்வீட்டின் கூரை போயிற்று, சுவர் சாய்ந்தது. கற்கள் அடித்துக்கொண்டு போகவில்லை. ஒரு குவியலாகச் சேற்றுக்குள் புதைந்து அங்கேயே கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் மூப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். மூப்பன் எங்கள் பதியின் பெரியவர், அம்மாவுக்குச் சித்தப்பன் முறை. "எல்லாரும் இருக்காங்க. சேறு காயட்டும், ரங்கனையும் கொண்டுபோய் வெச்சரலாம்" என்றார். அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

முகத்தைத் திருப்பியவர்கள்

எங்கள் கெட்ட நேரம், முதலாளி இன்னொரு உதவியும் செய்தார். பதியைச் சுத்தம் செய்யச் சொல்லி ஜே.சி.பி.யும் டிப்பர் லாரியும் அனுப்பினார்.

நான் அப்போது கம்பெனியில் இருந்தேன். ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது, வந்தே தீர வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். பதியில் மூப்பனும் நாலைந்து ஆண்களும்தான் இருந்தார்கள். சாய்ந்த குடிசைகளை ஜே.சி.பி. வழித்து எடுத்தது. கடைசியில் அந்த டிரைவர் கல் குவியலைக் காட்டி மூப்பனிடம் கேட்டிருக்கிறார்.

"ஐயா, இந்தக் கல்லையும் அள்ளிரட்டுங்களா?"

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஒருவர் செத்து அவர் கல் உள்ளே போகிறவரை, கல்வீட்டைப் பற்றி வெளி ஆட்களிடம் பேசக்கூடாது. விரல் நீட்டி இதுதான் என்று காட்டவும் கூடாது. செத்தவர் வழி தேடிக்கொண்டிருக்கிற நேரம் அது, வேறு ஆளுக்கு இடத்தைக் காட்டினால் அவருக்கு வழி தவறிவிடும். வெளி ஆள் யாராவது அந்தப் பக்கம் போனால் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எங்களுக்குள் அதற்கு 'தொடாதே' என்று பொருள். அதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல எங்களுக்கு வேறு வழி கிடையாது.

மூப்பன் முகத்தைத் திருப்பினார். கூட இருந்தவர்களும் திருப்பினார்கள்.

டிரைவர் அள்ளிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சேலம் பக்கத்து மனிதர். பிறகு நான் போய்க் கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டேங்க. எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நின்னுட்டாங்க. சரி, பாக்க மனசு வரல போலன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏங்க தொடப்போறேன்?"

எனக்கு மூப்பன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கத்தினேன். வயசுக்குக்கூட மரியாதை கொடுக்கவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஒரு வார்த்தை போதும்னு எனக்குத் தெரியாதா கண்ணு? சொல்லலாம்னு வாயெடுத்தேன். ரங்கன் வழி தெரியாமப் போயிருவானோன்னு பயந்துட்டேன்" என்றார்.



டிரைவர் சொன்னதில்தான் தெரிந்தது. டிப்பரில் ஏற்றிய கல்லும் வண்டலும் தரைப்பாலம் தாண்டி அக்கரைக்குப் போயிருக்கிறது. முதலாளி தன் சுவரை இன்னும் நீளமாக்குகிறார். அந்த அஸ்திவாரக் குழிக்கு அடியில் நிரப்ப எங்கள் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அதாவது, ஆற்றை எங்கள் மேல் திருப்பிவிட்ட அதே சுவருக்குள், அடுத்த வெள்ளத்தில் எங்களை மூழ்கடிக்கப்போகிற சுவருக்குள், எங்கள் தாத்தன் பாட்டன் எல்லாரையும் வைத்துப் பூசப்போகிறார்கள்.

பூண்டியிலிருந்து ஒரு சிலை

வெளி ஆளிடம் பேசக்கூடாது என்பதை மீறி, முதலில் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வருவாய் ஆய்வாளர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார்.

"கல்லுங்களா? கல்லுக்கெல்லாம் நிவாரணம் கெடையாதும்மா" என்றார்.

நிவாரணம் கேட்கவில்லை, அந்தச் சுவர் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல், பெருமாநல்லூர் தாண்டி அடுக்குமாடி வீடு ஒதுக்குகிறார்கள், எல்லாரும் அங்கே போய்விட்டால் உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி என்றார். அவருடைய நிம்மதியில் எனக்குச் சந்தேகமில்லை.

அங்கிருந்து நேராக முதலாளி அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தெரியாமப் போச்சு கண்ணு. தெரிஞ்சிருந்தா செய்வனா? ஆனா ஆத்துல கல்லுக்கா பஞ்சம்? வேற எடுத்து வெச்சுக்கலாமில்லோ?"

"அவங்க வேற, இவங்க வேறங்க."

"நீ படிச்ச புள்ள. உங்கம்மாளுக்கு நீதான் எடுத்துச் சொல்லோணும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு பண்ணலாம். திருமுருகன்பூண்டியில எனக்கு வேண்டப்பட்ட ஸ்தபதி இருக்காரு. உங்கண்ணன் போட்டோவக் குடு. அச்சா அவன் மொகத்தோடயே ஒரு செல செஞ்சு, பதியில நட்டு வெச்சரலாம். எல்லாம் என்ற செலவு."

அவர் மனசறிந்து கேலி செய்யவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"மொகம் வேண்டாமுங்க. எங்க கல்லுதான் வேணும். குழிய ஒரு நாள் அப்படியே விட்டீங்கன்னா நாங்களே எடுத்துக்கறோம்."

"நாளைக்குக் காங்கிரீட்டு கண்ணு. நல்ல நேரம் பாத்தாச்சு. அடுத்த மழைக்குள்ள முடிக்கோணும். அந்தச் செவுரு நிக்கறது உங்களுக்கும் பாதுகாப்புத்தான?"

"அது எப்படிங்க எங்களுக்குப் பாதுகாப்பு?"

அவர் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் குடோனில் அவள் படுத்திருந்த இடம் காலி.

குழிக்குள்

இந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டோம். கலவை இயந்திரம் சுற்றுகிறது, அம்மா கல்லைத் துடைக்கிறாள்.

முதலாளி வந்தார். வெள்ளை வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழி விளிம்பில் நின்றார்.

"ஏனுங்க ஆத்தா, மேல வாங்க. உக்காந்து பேசிக்கலாம்."

அம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"நான் உக்காந்துதானுங்க சாமி இருக்கறேன். நீங்க எறங்கி வாங்க."

கலவை சுமந்துகொண்டிருந்த வடக்கத்தி ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் அதில் ஒருவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். பிறகு இன்னொருவர். மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான், தரைப்பாலத்தில் எங்கள் பதி ஆட்கள் வந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். மூப்பன் முன்னால் வந்தார். நேராகக் குழியோரம் வந்து, கையை நீட்டி, விரலை நீட்டி, முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இது எங்க கல்லுங்க."

நான் வாயால்தான் மீறியிருந்தேன்; விரல் நீட்டிக் காட்டுவது எங்கள் பதியில் யாரும் அதுவரை செய்யாத காரியம். ரங்கன் வழி தவறினால் தவறட்டும், நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று பிறகு சொன்னார்.

அதற்குள் கம்பெனியில் டீ நேரம். பெண்கள் வெளியே வந்து கூடிவிட்டார்கள். செக்கிங்கில் எனக்குப் பக்கத்து மேசை ஜெபமணி அக்கா, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, என்ன நடக்கு இங்க?"

சொன்னேன்.

"எங்க ஊர்ல கல்லறத் தோட்டத்துல ஒருத்தன் இப்பிடி மண் அள்ளுனாம்னா சும்மா விட்டுருவமாட்டி? தள்ளு" என்று கையில் இருந்த தண்ணீர் பாட்டிலோடு குழிக்குள் இறங்கிவிட்டார்.

இரண்டு மூன்று பெண்கள் செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆட்கள் கம்பெனியைப் பார்வையிட வருவதாக இருந்தது. தொழிலாளரை எப்படியெல்லாம் மதிக்கிறோம் என்று கேட் பக்கத்தில் புது போர்டே வைத்திருந்தார்கள். முதலாளி செல்போன்களைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"சரி, சாயங்காலத்துக்குள்ள வேணுங்கறதப் பொறுக்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறுக்கிக்குங்க. இந்தச் சொல்லை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

எங்கள் கல்லை மற்றக் கல்லிலிருந்து பிரிப்பது கஷ்டமில்லை. வருசா வருசம் எண்ணெய் குடித்த கல் தண்ணீரை வாங்காது. மேலே ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். மற்றக் கல் நனைந்து கிடக்கும். ஆண்கள் கல்லைக் கிளறிக் கொடுக்க, பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர் ஊற்றினோம். "இந்தா, இது உங்காளுதாம்ட்டி, தண்ணி ஒட்டல பாரு" என்று ஜெபமணி அக்கா ஒவ்வொன்றாகத் தன் மடியில் சேர்த்துக்கொண்டார். அம்மா ஒவ்வொரு கல்லையும் வாங்கி, "வா" என்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான் அந்த 'வா'வில் உடைந்துபோனேன்.

ஆனால் எல்லாரும் வரவில்லை. டிப்பர் கொண்டுவந்த முதல் இரண்டு நடைக் கல் குழியின் மறுகோடியில் விழுந்திருந்தது. நாளைக்கு என்று முதலாளி என்னிடம் சொன்ன கான்கிரீட்டை அங்கே முந்தின நாளே போட்டுவிட்டிருந்தார்கள். அது தெரிந்தபோது வெயில் இறங்கிவிட்டது. அம்மா அந்தப் புதுக் கான்கிரீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இன்னும் சூடாக இருக்கிறது என்றாள். உள்ளே யார், யார் என்று கேட்டாள். எங்களில் யாருக்கு அது தெரியும்?

மீண்டு வந்தவர்கள்

கல்வீட்டைத் திரும்பக் கட்டினோம். ஆற்றில் இறங்கி ரங்கனுக்கு ஒரு கல்லை அம்மாவே எடுத்தாள். கறுப்பில் வெள்ளைக் கோடு ஓடிய கல். எண்ணெய் தடவி மற்றவர்களோடு வைத்தோம். அதன் பிறகுதான் பதியில் குடிசை போடுகிற வேலையே தொடங்கியது.

கல்லெடுத்த மறுநாளே கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் என்னை உள்ளே விடவில்லை. "மேல இருந்து சொல்லிட்டாங்க கண்ணு, கோவிச்சுக்காதீங்க" என்றார். இப்போது பெருமாநல்லூரில் வேறொரு கம்பெனிக்குப் பஸ் மாறிப் போகிறேன். பதியில் பாதிப் பேர் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே ஆடு வளர்க்க முடியாது, செத்தால் வைக்க இடம் கிடையாது என்று சிலர் திரும்பி வந்துவிட்டார்கள். பேப்பரில் எங்களைப் பற்றி, வெள்ளத்திலிருந்து மீண்டு வந்த மக்கள் என்று ஒரு படம் போட்டார்கள். எல்லாரும் பச்சை டீ-சர்ட்டில் நிற்கிறோம். மீண்டு வந்தோமாம். சுவருக்குள் இருக்கிறவர்கள் எங்கே மீண்டார்கள்?

சுவர் கட்டி முடித்து, சந்தன நிற பெயின்ட் அடித்து, கம்பெனி பெயரை எழுதினார்கள். எங்கள் எண்ணெய் நாள் வந்தது. கல்வீட்டில் எல்லாருக்கும் தேய்த்து முடித்ததும், அம்மா எண்ணெய்க் கிண்ணத்தையும் சோற்றையும் எடுத்துக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கினாள். பின்னாலேயே போனோம். சுவரின் அந்தக் கோடியில், கை எட்டுகிற உயரம் வரை, அம்மா எண்ணெய் தேய்த்தாள். பிறகு மூப்பன், பிறகு நான், பிறகு எல்லாரும். வாட்ச்மேன் கத்தினார். கத்திப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறு பெயின்ட் அடித்தார்கள். எண்ணெய் இறங்கின இடத்தில் அது பிடிக்கவில்லை, பாளம் பாளமாக உரிந்தது. சுரண்டிவிட்டு அடித்தார்கள். நாங்கள் மறு வருசமும் போனோம்.

இந்த வருசம் முதலாளியே வந்து நின்றார். கொஞ்சம் தளர்ந்திருந்தார். நாங்கள் தேய்த்து முடிக்கிறவரை பொறுமையாக இருந்துவிட்டு, அம்மாவிடம் போனார்.

"ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. எனக்கும் மனசுக்குச் செரியில்ல. இந்த எடத்துல சின்னதா ஒரு மாடம் மாதிரி, கோயிலாட்டமே நான் கட்டிக் குடுத்தர்றேன். வருசா வருசம் நீங்க வந்து கும்பிட்டுக்குங்க. கேட்டுல யாரும் தடுக்கமாட்டாங்க. என்ன சொல்றீங்க?"

பதியே அம்மாவைப் பார்த்தது. சோறு வைத்த இலையைச் சுவரோரம் நேராக நகர்த்தி வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கட்ட வேண்டாமுங்க சாமி" என்றாள். "இடிங்க."